இருபத்தேழாவது நாற்காலி

பத்து முனைகளில் எட்டுதான் உள்ளே போயிருந்தன. தவசிலிங்கம் மூன்றாவது தடவையும் எண்ணிவிட்டார். ஐந்து ஸ்பீக்கர் பெட்டி, பெட்டிக்கு ஒரு வயர், வயருக்குச் சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்று, ஆகப் பத்து. டி.வி. மேசைக்குப் பின்னால் குத்தவைத்திருந்த மெக்கானிக் ஜேசுராஜ் செருகியது எட்டு. மிச்சம் இரண்டும் அறுந்த பல்லிவால் மாதிரி மேசைக்கடியில் கிடக்க, அந்த ஆள் டெஸ்டரைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு எழுந்துவிட்டான். தம்பி, நடுப்பெட்டி பாக்கியிருக்கு என்றார் தவசிலிங்கம். அவன் திரும்பவில்லை. நாற்பது வயது ஆள், காதில் ஒரு குறையும் இல்லை, வாசலில் நிற்கும் தன் வண்டியைத் தெருக்குழந்தைகள் தொட்டால் இங்கிருந்தே அதட்டத் தெரிகிறது, ஆனால் வீட்டுக்காரன் சொல்வது மட்டும் விழாது. "முடிஞ்சது அண்ணாச்சி. வூஃபரப் பாருங்க, சும்மா தரை அதிரும்" என்றான். தரை அதிர்ந்து யாருக்கு என்ன ஆகவேண்டும். தவசிலிங்கத்துக்கு வேண்டியது ஒரு மனிதக் குரல். ஒரே ஒரு வாக்கியம், அதுவும் தன்னுடையதே. அதைப் பேச்சு வரும் நடுப்பெட்டியை இணைக்காமல் எப்படிக் கேட்பது? பெட்டியோடு வந்த தாளில் படம் போட்டிருக்கிறான், அம்புக்குறி போட்டிருக்கிறான், எட்டாவது படித்த தனக்கே விளங்குகிறது, இதையே தொழிலாக வைத்திருப்பவனுக்கு விளங்கவில்லை. முப்பத்துநான்கு வருடம் அச்சாபீசில் தாள் எண்ணிய கை இது. ஐந்தைந்தாக விசிறி எண்ணி, ரீம் ரீமாகக் கட்டி அனுப்பியதில் ஒரு தாள் குறைந்தது என்று எந்த ஊரிலிருந்தும் ஒரு கட்டு திரும்பி வந்ததில்லை. எட்டைப் பத்து என்று சொல்லிவிட்டுப் போக ஒருவனால் முடிகிறது, அவனுக்கு ராத்திரி தூக்கமும் வருகிறது. உலகம் அவனுக்குத்தான்.

சாயங்காலம் நாலு மணிக்கு இந்த அறையில் பதினோரு பேர் உட்காரப் போகிறார்கள். மகள் ஜெயசுதா, மருமகன், சம்பந்தி, சம்பந்தியம்மாள், அவர்கள் வழியில் ஏழு பேர். வருகிற ஞாயிற்றுக்கிழமை பேரனுக்குக் காதுகுத்து, அதைப்பற்றிப் பேசத்தான் வருகிறார்கள். பேச என்ன இருக்கிறது, பேசுவதற்கு இருப்பது ஒன்றுதான், அது அய்யாத்துரை. சம்பந்தியின் அண்ணன். தகப்பன் இல்லாத குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர், அவர் வந்து முன்னே நிற்காமல் அந்த வீட்டில் ஒரு இலை விழாது. அந்த அய்யாத்துரைதான் சொல்லி அனுப்பியிருக்கிறார், தவசிலிங்கம் எல்லாரும் பார்க்க மன்னிப்புக் கேட்டால் வருவேன், இல்லையென்றால் நீங்களே குத்திக்கொள்ளுங்கள் என்று. எதற்கு மன்னிப்பு? ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஜெயசுதா கல்யாணத்தில் தவசிலிங்கம் அவரைப் பந்திக்கு அழைக்கவில்லையாம். மாப்பிள்ளை வீட்டாரை ஆளாளாகக் கைகூப்பிச் சாப்பிடக் கூப்பிட வேண்டியது பெண்ணின் தகப்பன். எல்லாரையும் கூப்பிட்டாராம், தன்னை மட்டும் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனாராம். அன்று சாப்பிடாமல் மண்டபத்தை விட்டுப் போனவர், அதிலிருந்து இந்த ஜில்லாவில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், எந்தப் பந்தல் போட்டாலும், இதையே கச்சேரியாக நடத்துகிறார். "மண்டபத்துல நானூறு பேரு வடை பாயாசத்தோட சாப்பிட்டாக. மாப்பிள்ளைக்குப் பெரியப்பன் நான் பஸ் ஸ்டாண்டுல நின்னு புரோட்டா தின்னேன்." கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுத் தவசிலிங்கத்தைப் பார்க்கிறார்கள். தவசிலிங்கம் அங்கேயே பதில் சொல்லியிருக்கிறார், ஒரு தடவையா இரண்டு தடவையா, நான் கூப்பிட்டேன் அத்தான், நாற்பத்துமூன்று பேரையும் கூப்பிட்டேன், நீங்கள் மூன்றாவது வரிசையில் ஏழாவது நாற்காலி, எனக்கு எண்ணிக்கை தப்பாது என்று. யார் கேட்டார்கள்? எவரும் காதில் வாங்கவில்லை. கத்துகிறவன் பேச்சுதான் சபையேறும் என்று ஆகிவிட்டது. போனவாரம் ஜெயசுதா போனில் அழுதாள். "ஒரே ஒரு வார்த்தைப்பா. மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னா முடிஞ்சுபோகும். அந்த வீட்டுல நான்தானப்பா இருக்கேன்." பெற்ற மகளே நம்பவில்லை. செய்யாத தப்புக்கு, எண்ணிச் செய்த காரியத்துக்கு, மன்னிப்பு.

ஆனால் வீடியோத் தட்டு இருந்தது. கல்யாணத்தன்று கேமராக்காரன் லைட்டைப் பிடித்துக்கொண்டு தவசிலிங்கத்துக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து நடந்து எடுத்தது நன்றாக நினைவிருக்கிறது, கண் கூசியது, வேர்த்தது, எரிச்சலாகக்கூட இருந்தது. ஸ்டுடியோக்காரன் தாலி கட்டும் பகுதியைப் பாட்டுப் போட்டு அரைமணி நேரத்துக்குச் சுருக்கி ஒரு டி.வி.டி. தந்தான், அதைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். முழுக் கல்யாணமும் ப்ளூரே தட்டில் இருக்கிறது என்று தங்க எழுத்துப் போட்ட பெட்டியில் மூன்று தட்டு தந்தான். பெருமைக்கு வாங்கியது. அதைப் போட்டுப் பார்க்கிற யந்திரம் தெருவில் ஒருவரிடமும் இல்லை. பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு நடுவே ஒன்பது வருடம் இருந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்தால் செல்போனுக்கு மாற்றித் தருவான் என்றார்கள். கொடுக்கமாட்டார். கீறல் விழுந்தால்? அவன் கைதவறிப் போட்டால்? அய்யாத்துரைக்கு அந்தக் கடைக்காரன் சொந்தமாக இருந்தால்? இது தட்டு இல்லை, சாட்சி. சாட்சியை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பானா ஒருவன்? எனவே முந்தாநாள் தானே பைபாஸ் ரோட்டுக் கடைக்குப் போனார், துண்டில் சுற்றிய தட்டோடு. ஒரே மாதிரி மூன்று யந்திரம் வைத்திருந்தார்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் நான்கு கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தார். ஒன்று, ஸ்டுடியோவில் பதிந்து கொடுத்த தட்டையும் படிக்குமா, கம்பெனித் தட்டை மட்டும் படிக்குமா. இரண்டு, தட்டில் ஐம்பது ஜி.பி. என்று போட்டிருக்கிறது, அத்தனையும் ஓடுமா. மூன்று, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாமா. நான்கு, பேச்சைப் பாட்டிலிருந்து பிரித்துக் கேட்க வழி உண்டா. கேட்டார். விற்பனையாள் பக்கத்தில் ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த தம்பதியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். மறுபடி கேட்டார். "அண்ணாச்சி ஏதோ நினைக்காக போல, என்னா வேணும்?" என்றான். இதைவிட ஒரு மனிதனை எப்படி அவமதிப்பது? தாளை நீட்டினார். அதைப் படித்துவிட்டு, "ப்ளூரேயா, இப்ப யாரு அண்ணாச்சி தட்டுல படம் பாக்கா" என்று சொல்லி முதல் யந்திரத்தைக் கையில் திணித்தான். எல்லாத் தட்டும் ஓடும் என்றான். தவசிலிங்கம் துண்டைப் பிரித்துத் தட்டை எடுத்து வைத்தார். யந்திரம் சுற்றிச் சுற்றி முனகிவிட்டு, படிக்க இயலாது என்று எழுதிக் காட்டியது. அது டி.வி.டி. மட்டும். இரண்டாவது, ஓடியது, ஆனால் கதவு பாதிதான் திறந்தது, ஷோவுக்கு வைத்த பீஸ். மூன்றாவது தட்டை விழுங்கி, ஒரு நொடி யோசித்து, வாசலில் வாழைமரம் கட்டிய மண்டபத்தைக் காட்டியது. இலையின் நரம்பு தெரிந்தது. அதையே வாங்கினார். நாலாவது கேள்விக்கு மட்டும் கடையிலிருந்த வயதான ஒருவர் தாளைப் பார்த்துப் பதில் சொன்னார், வீட்டில் ஹோம் தியேட்டர் இருந்தால் பேச்சு பெரும்பாலும் நடுப்பெட்டியில் வரும், பாட்டு சுற்றியிருக்கிற பெட்டிகளுக்குப் போய்விடும் என்று. இருந்தது. கிரிக்கெட் பார்க்க என்று மகன் போன பொங்கலுக்கு ஓசூரிலிருந்து அனுப்பி, பிரிக்காமலே கட்டிலுக்கடியில் கிடந்தது.

ஜேசுராஜ் போட்டுக் காட்டினான். நாயனம் எழுந்தது பாருங்கள், ஜன்னல் கண்ணாடி நடுங்கி, அலமாரியில் டம்ளர் ஒன்றோடொன்று மோதி, அடுப்படியிலிருந்து அவர் மனைவி பொன்னுத்தாய் கரண்டியோடு ஓடிவந்தாள். "என்னத்தயாவது இடிக்காகளா?" ஜேசுராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. "இதாம்மா எஃபெக்ட்." திரையில் யார் யாரோ வாயசைத்தார்கள், சம்பந்தி வாயசைத்தார், ஐயர் வாயசைத்தார், ஒருவர் பேச்சும் வரவில்லை, எல்லாரும் கண்ணாடித் தொட்டி மீன்கள். பேச்சு எங்கே என்றார் தவசிலிங்கம். "கல்யாண வீடியோவுல பாட்டுதான் அண்ணாச்சி, பேச்சு யாரு கேக்கா" என்று பொன்னுத்தாயைப் பார்த்துச் சொன்னான் அவன். அவள்தான் கேட்டிருந்தாள், பேச்சே வரலையே என்று. தவசிலிங்கமும் அதையேதானே கேட்டார், அதுவும் முதலில். இந்த வீட்டிலேயே அவர் கேட்டால் காற்று, அவள் கேட்டால் கேள்வி. வண்டி உறுமிக்கொண்டு போனது. "இந்த வெட்டி வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துருக்கலாம்" என்றாள் பொன்னுத்தாய். "கும்புடப்போன சாமி குறுக்க வந்த மாதிரி சம்பந்தி வீட்டு ஆளுக சாயங்காலம் வாராக. மன்னிச்சுக்கோங்கன்னா நாக்கு தேஞ்சா போவும்?" தவசிலிங்கம் பதில் சொன்னார், செய்யாததைச் செய்தேன் என்று எப்படிச் சொல்வது, நாளைக்கு என் பேரன் கேட்டால் என்ன சொல்வது, எண்ணிக்கையில் இன்றுவரை… "என்னத்த முனகுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் அடுப்படிக்குப் போனாள். நாற்பத்திரண்டு வருடமாக இதே கதை. கேள்வி கேட்பாள், நிற்கமாட்டாள்.

மேசையைத் தானே முன்னால் இழுத்தார். முட்டி வலித்தது. பின்னால் தூசியும் வயரும் பின்னிக் கிடந்தன, யந்திரத்திலிருந்து ஹோம் தியேட்டர் பெட்டிக்கு ஒன்று, அங்கிருந்து டி.வி.க்கு ஒன்று, அது சரி, அதில் ஒன்றும் அவன் கெடுக்கவில்லை. நடுப்பெட்டி மட்டும், விளையாட்டுக்குச் சேர்க்காத பிள்ளை மாதிரி, ஓரத்தில் நின்றது. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. செம்புக்கம்பி விரலில் குத்தியது, ஒரு சொட்டு ரத்தம். வாயில் வைத்துக்கொண்டார். ஒன்பது, பத்து. நெஞ்சு அடித்துக்கொண்டது, எண்ணினால் நிமிடத்துக்குத் தொண்ணூறுக்குக் குறையாது. கேமராக்காரன் அந்த இடம் பார்த்துத் திரும்பியிருந்தால்? மணப்பெண்ணை எடுக்கப் போயிருந்தால்? இருபத்தாறாவது நாற்காலி வரைக்கும் இருந்து அய்யாத்துரையின் இருபத்தேழில் வெட்டியிருந்தால்? ஸ்டுடியோக்காரன் அந்த நேரம் பார்த்துப் பூ விழுவது மாதிரி வேலை காட்டியிருந்தால்? இல்லை, இருக்கும். இருக்கவேண்டும். பதினோரு பேரும் உட்கார்ந்தபிறகு ஒன்றும் பேசாமல் பொத்தானை அழுத்துவார். அறை நிறையத் தன் குரல் எழும், அத்தான், சாப்பிட வாங்க. அப்புறம் நிறுத்திவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான். அய்யாத்துரை மன்னிப்புக் கேட்கவேண்டாம், மற்றவர்களும் கேட்கவேண்டாம், அந்தப் புரோட்டாக் கதையை மட்டும் இனிமேல் சொல்லாமலிருந்தால் போதும். இல்லை, கேட்கட்டுமே. ஏன் கேட்கக்கூடாது? ஒன்பது வருடம். கேட்கட்டும்.

இரண்டாவது தட்டு, நாற்பத்தோராவது நிமிடம். நாயனம் இடமும் வலமும் ஒதுங்கிக்கொள்ள, நடுப்பெட்டி வாயைத் திறந்தது. நாற்காலி இழுபடும் சத்தம். ஒரு குழந்தை தண்ணி தண்ணி என்றது. யாரோ, கறுப்புச் செருப்பு யாருது என்றார்கள். அத்தனை தெளிவு. தவசிலிங்கம் திரையில் வந்தார், தலையில் முடி கொஞ்சம் கூடுதல், நெற்றியில் சந்தனம் வேர்வையில் வழிந்து, கைகூப்பிக்கொண்டு. வரிசைக்குப் பத்து நாற்காலி. மூத்தவரை முதலில் கூப்பிடுங்கள் என்று பொன்னுத்தாய் அன்று சொன்னாள்தான், அப்படி இங்கும் அங்கும் தாவினால் யாராவது விட்டுப்போகும் என்று இடமிருந்து வலமாக வரிசையாகப் போனார். அதுதானே ஒழுங்கு. முதல் நாற்காலி, சம்பந்தி. "சாப்பிட வாங்க" என்றது நடுப்பெட்டி, மெல்லிசாக, ஆனால் சுத்தமாக. தன் குரலா இது? அடைத்துக்கொண்ட குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி. இருக்கட்டும், வருகிறதே. இரண்டாவது, சாப்பிட வாங்க. மூன்றாவது. கூப்பிய கைக்குள்ளே கட்டைவிரல் விரல்கணுவில் நகர்வதைக்கூடக் கேமரா பிடித்திருக்கிறது. இரண்டாவது வரிசையில் சாப்பிட என்பது கரைந்து, வாங்க மட்டும் வந்தது. பதினாறில் அதுவும் ங்க என்று மூக்கில் முடிந்தது. தவசிலிங்கம் சத்தத்தைக் கூட்டினார். இருபது, உதடு அசைந்தது, குரல் இல்லை. இருபத்தொன்று, எதிரிலிருந்தவர் சிரித்துக்கொண்டு எழுந்தார். இருபத்திரண்டு. எல்லாரும் கும்பிட்ட கையைப் பார்த்து எழுந்து எழுந்து போகிறார்கள், அழைப்பு என்றால் அழைப்புத்தானே. இருபத்தாறு. இன்னும் கூட்டினார். பெடஸ்டல் ஃபேன் இரைந்தது. அதன் கீழே அய்யாத்துரை, பட்டுச்சட்டை, தோளில் அங்கவஸ்திரம். தவசிலிங்கம் அவர் முன்னால் வந்து நின்றார், கைகூப்பினார், தலை குனிந்திருந்தது, அந்த ஆளின் அதிகாரமான முகத்துக்கு முன்னால் என்றைக்குத்தான் அது நிமிர்ந்திருக்கிறது. உதடு அசைந்தது. நடுப்பெட்டி சொன்னது, தணிந்து, பக்கத்தில் வந்து ரகசியம் சொல்வது போல. "இருபத்தேழு."

பொத்தானை அழுத்திப் பின்னுக்குப் போனார். மறுபடி. ஃபேன், கை, உதடு. இருபத்தேழு. யந்திரத்தில்தான் கோளாறு. ஜேசுராஜ் ஏதோ மாற்றிச் செருகியிருக்கிறான். மறுபடி. இந்தத் தடவை அவர் தன் வாயைப் பார்க்கவில்லை, அய்யாத்துரையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. கைகூப்பியவர் வந்து நின்றதும் அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, நாற்காலிக் கையில் ஊன்றிப் பாதி எழுந்தார். பாதியில் நின்றார். காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். வார்த்தை வரும் என்று இருந்தார். கைகூப்பியவர் இருபத்தெட்டாவது நாற்காலிக்கு நகர்ந்துவிட்டார். பாதி எழுந்த மனிதர், சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்தும், வேட்டியைச் சரிசெய்ய எழுந்தது போலச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். நான்கு நொடி. தவசிலிங்கம் எண்ணினார், நான்குதான். கேமரா இருபத்தெட்டுக்குப் போய்விட்டது, இருபத்தொன்பது, முப்பது, ஒவ்வொருவரிடமும் ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டு போகிறான் திரையில் அந்தத் தவசிலிங்கம், வேலை சுத்தமாக முடிகிறது என்று முகத்தில் ஒரு திருப்தி வேறு. நாற்பத்துமூன்று என்று சொல்லி முடித்தான். அப்படியானால் கடையில்? அந்த விற்பனையாள்? தம்பி, நடுப்பெட்டி பாக்கியிருக்கு என்று சற்றுமுன் சொன்னது, அது வாய்க்கு வெளியே வந்ததா? பந்தல்களில் அத்தனை பேர் முன்னால் சொன்ன பதில்? அதை நினைக்க அவருக்குத் துணிவு வரவில்லை. கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது, போவதற்குத்தான் இடம் தெரியவில்லை. அய்யாத்துரையாவது கேட்டிருக்கலாமே, என்ன மச்சான் சொன்னீங்க என்று ஒரு கேள்வி, வாய்தான் அத்தனை நீளமாக இருக்கிறதே, அதில் இந்த மூன்று வார்த்தைக்கு இடமில்லாமல் போயிற்றா? கேட்டிருந்தால் இவர் சொல்லியிருப்பார். ஒருவேளை.

"ஓடுதா?" என்றாள் பொன்னுத்தாய் அடுப்படியிலிருந்து. ஓடவில்லை என்று சொல்லலாம். சிவப்பையும் கறுப்பையும் உருவிவிட்டால் நாயனம் மட்டும் வாசிக்கும், கைகூப்பி நிற்பது கண்ணுக்குத் தெரியும், உதடும் அசைகிறது, பார்க்கிற பதினோரு பேரும் நம்புவார்கள், அய்யாத்துரை பொய்யராவார். இரண்டு முனைதான். கை மேசைக்குப் பின்னால் போயேவிட்டது. வயரைத் தொட்டது. அப்புறம் அந்தக் கை திரும்பி வந்து செல்போனை எடுத்து அய்யாத்துரையின் நம்பரை அழுத்தியது, எப்படி வந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. "யாரு?" என்றது அந்தப்பக்கம், ஊரையே எழுப்புகிற குரல். நான்தான் என்றார். "யாருங்கேன்?" நான்தான். "நான்தான்னா யாருய்யா, ஊருல எல்லாப் பயலும் நான்தான். கிணத்துக்குள்ளருந்தா பேசுதீரு?" தவசிலிங்கம் எழுந்து நின்றார். மூச்சை இழுத்தார். "தவசிலிங்கம் பேசுதேன்." அது அறையில் மோதித் திரும்பியது, அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. "கல்யாணத் தட்டைப் போட்டுப் பாத்தேன் அத்தான். அன்னைக்கி உங்களக் கூப்பிடல. உங்க முன்னால வந்து நின்னேன், வாயில வந்தது எண்ணிக்கை. நீங்க எந்திரிச்சீக. நான் பாக்கல." இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னதால் இருமல் வந்தது. பொன்னுத்தாய் நிலையில் வந்து நின்றுவிட்டாள். "எந்திரிச்சது தெரிஞ்சுதா?" என்று கேட்டார் அய்யாத்துரை, அவர் குரல் இத்தனை தணிந்து இவர் கேட்டதில்லை. தெரிஞ்சுது. "அதுலயுமா எடுத்துருக்கான், படுபாவி." அப்புறம் ஒரு நீண்ட செருமல். தவசிலிங்கம் போனை வாய்க்கு நெருக்கிப் பிடித்தார். "சாப்பிட வாங்க அத்தான்" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "எங்க?" "இங்க. நம்ம வீட்டுக்கு. இன்னைக்கி மத்தியானம்." "ஒம்பது வருசமாச்சு மச்சான், சோறு ஆறிப்போயிருக்குமே." ஏளனம்தான், சந்தேகமே இல்லை, இதையும் நாளைக்கு ஏதாவது பந்தலில் சொல்லிச் சிரிப்பார், சிரிக்கட்டும், இந்த ஆளுக்கு வாய் அடங்காது. "இப்பதான் உலை வைக்கச் சொல்றேன்" என்றார் தவசிலிங்கம், பொன்னுத்தாயைப் பார்த்துக்கொண்டு. அவள் ஒன்றும் கேட்காமல் அரிசிப் பானைப் பக்கம் திரும்பினாள். போன் அணையவில்லை. அந்தப்பக்கம் அய்யாத்துரை யாரையோ அதட்டி, என் செருப்பை எங்கே தள்ளிவிட்டாய் என்று கேட்பது கேட்டது.